அடர் கரைசல் சிறுநீரகச் செல்களின் தடுப்பைத் தளர்த்துமா, இறுக்குமா?

அடர்த்தியான கரைசல் பட்டால் சிறுநீரகச் செல்களுக்கு இடையிலான இணைப்பு தளர்ந்து கசிவு கூடும் என்று ஓர் ஆய்வு சொல்லும். அதே அடர் கரைசலில் வளர்த்த செல்கள் முன்பைவிட இறுக்கமான சுவரைக் கட்டின என்று இன்னொன்று சொல்லும். மூன்றாவதாக வருவது, நீர்த்த கரைசல்தான் இணைப்பின் தன்மையை மாற்றியது என்று சொல்லும். படிப்பவருக்குத் தலை சுற்றுவது இயல்பு. மூன்றுமே சரியாக இருக்க முடியும். கரைசலின் செறிவு எவ்வளவு என்பதோடு இன்னும் நான்கு விவரங்கள் தெரிந்தால்தான் விடை கிடைக்கும்: எந்தப் பக்கம், எவ்வளவு நேரம், எந்தக் கரைபொருள், எந்தச் செல். செய்திக் குறிப்புகளில் முதலில் விடுபடுவதும் இவைதான்.

எந்தத் தடுப்பு?

சிறுநீரகத்தில் தடுப்பு என்றதும் பலருக்கு நினைவு வருவது குளோமெருலஸ் வடிகட்டி. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிவது பெரும்பாலும் அங்கே ஏற்படும் பழுதால். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதல்ல. வடிகட்டியைத் தாண்டிய நீர் பாயும் நுண்குழல்களின் சுவரைப் பற்றியது.

வளர்ந்த ஒருவரின் சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகின்றன. சிறுநீராக வெளியேறுவது 1 முதல் 2 லிட்டர். மீதி அனைத்தும் நுண்குழலின் சுவர் வழியாக இரத்தத்துக்குத் திரும்புகிறது. அந்தச் சுவர் ஒரே ஒரு செல் தடிமன் கொண்டது. அதைக் கடக்க இரண்டு வழிகள் உண்டு. செல்லுக்குள் புகுந்து மறுபக்கம் வருவது செல்லூடு வழி. அடுத்தடுத்த இரு செல்களுக்கு இடையிலுள்ள இடுக்கில் நுழைவது செல்லிடை வழி.

இந்த இடுக்கின் வாயிலில், குழலின் உட்பக்கத்தை ஒட்டி, ஒவ்வொரு செல்லையும் வார்ப்பட்டை போலச் சுற்றி நிற்பது டைட் ஜங்ஷன். இங்கே இறுக்க இணைப்பு என்று சொல்வோம். இதன் முக்கியப் புரதங்கள் கிளாடின்கள். 1998-ல் முதலில் அடையாளம் காணப்பட்ட இவை பாலூட்டிகளில் இருபதுக்கும் மேற்பட்ட வகைகளில் உள்ளன. எல்லாக் கிளாடினும் அடைப்பான் அல்ல. சில, நுண்ணிய துளைகளாக வேலை செய்கின்றன.

- கிளாடின்-2: வடிகட்டியை அடுத்து வரும் முதல் பகுதியான அண்மைக் குழலில் மிகுதி. சோடியம் போன்ற நேர்மின் அயனிகளையும் நீரையும் விடும்.
- கிளாடின்-16, கிளாடின்-19: அதன்பின் குழல் இறங்கித் திரும்பி ஏறும் ஹென்லே வளைவின் தடித்த ஏறுபகுதியில் மக்னீசியமும் கால்சியமும் திரும்ப இவை வேண்டும். இவற்றின் மரபணுவில் பழுது இருந்தால் அந்த இரு தாதுக்களும் சிறுநீரில் வீணாகி, சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும்.
- கிளாடின்-4, கிளாடின்-8: கடைசிப் பகுதியான சேகரிப்பு நாளத்தில் உள்ளவை. சோடியம் பின்னோக்கிக் கசியாமல் பார்த்துக்கொள்கின்றன.

ஆகவே ஒரே சிறுநீரகத்துக்குள் சுவரின் இறுக்கம் இடத்துக்கு இடம் மாறும். சுவர் இறுகினால் ஏறும், கசிந்தால் இறங்கும் மின்தடையை அளந்தால் அண்மைக் குழலில் 5 முதல் 10 ஓம்-சதுர செ.மீ., ஏறுபகுதியில் சில பத்துகள், சேகரிப்பு நாளத்தில் ஆயிரத்தை ஒட்டி. கசிவுள்ள சுவர் என்றால் கெட்டுப்போன சுவர் என்று பொருளில்லை. அண்மைக் குழல் கசிவோடு இருப்பதால்தான் அவ்வளவு நீரையும் உப்பையும் மலிவாகத் திருப்பி அனுப்ப முடிகிறது.

ஒரே எண், மூன்று பொருள்

கரைசலில் கரைந்திருக்கும் துகள்களின் மொத்த எண்ணிக்கையை, ஒரு கிலோ நீருக்கு இத்தனை மில்லி ஆஸ்மோல் என்று சொல்வது ஆஸ்மோலாலிட்டி. இரத்தப் பிளாஸ்மாவில் இது 275 முதல் 295 வரை. இந்த எண்ணைப் பார்த்ததும் மூன்று கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. மொத்தத் துகள்கள் எவ்வளவு? கருவி காட்டுவது இதை மட்டுமே.

2. அவற்றில் செல்லைச் சுருக்கக்கூடியவை எவ்வளவு? சோடியம் குளோரைடும், மானிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலும் செல்சவ்வை எளிதில் கடக்காது. வெளியே நின்று நீரை இழுக்கும். யூரியா மெல்ல உள்ளே புகுந்து இருபக்கமும் சமமாகிவிடும். அதன்பின் இழுவை இல்லை. சோடியம் குளோரைடால் 500 ஆக்கிய கரைசலும் யூரியாவால் 500 ஆக்கிய கரைசலும் கருவிக்கு ஒன்றுதான், செல்லுக்கு வெவ்வேறு. யூரியாவின் தொல்லை வேறு வகை: அது புரதங்களின் மடிப்பைக் குலைக்கும்.

3. சுவரின் இரு பக்கமும் ஒரே செறிவா, வெவ்வேறா? இரு பக்கமும் 500 என்றால் செல் சுருங்கும், ஆனால் சுவரைக் கடந்து நீரோட்டம் இருக்காது. ஒரு பக்கம் 290, மறுபக்கம் 500 என்றால் நீர் இடைவிடாமல் கடந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவதன் வலிமையைக் குறைத்து எடைபோடுபவர்கள் அதிகம். 37 டிகிரி செல்சியஸில் 1 மில்லி ஆஸ்மோல் வேறுபாடு ஏறக்குறைய 19.3 மி.மீ. பாதரச அழுத்தத்துக்குச் சமம். 10 மில்லி ஆஸ்மோல் வேறுபாடு என்றால் 193 மி.மீ. உடலின் இயல்பான இரத்த அழுத்தத்தையே மிஞ்சும் விசை அது. கரைசல் கலக்கும்போது 10 கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று விடுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

நுண்குழலுக்குள் செல்கள் காணும் நீர்

வடிகட்டப்பட்ட நீர் அண்மைக் குழலில் சுமார் 290 செறிவோடு நுழைந்து, ஏறத்தாழ அதே செறிவோடு வெளியேறுகிறது. ஹென்லே வளைவில் இறங்கும்போது நீரை இழந்து அடர்ந்துகொண்டே போகும். மனிதரில் நீர் அருந்தாத நிலையில், சிறுநீரகத்தின் உட்பகுதியான அகணியின் நுனியில் இடைத்திசு 1200 வரை எட்டும். ஏறுபகுதி உப்பை வெளியேற்றும், ஆனால் நீரை விடாது. அதனால் அதன் முடிவில் குழல்நீர் 100 மில்லி ஆஸ்மோல் அளவுக்கு நீர்த்துவிடும். அங்கே சுவருக்கு உள்ளே 100, வெளியே 300.

அடுத்தது சேகரிப்பு நாளம். உடலில் நீரைத் தக்கவைக்கும் வாசோபிரெசின் ஹார்மோன் இல்லாதபோது உள்ளே 50 வரை இறங்கும். ஹார்மோன் வந்தால் அக்வாபோரின்-2 என்ற நீர் வாயில்கள் செல்லின் உட்பக்கச் சவ்வில் ஏறி, நீர் வெளியேறி, உள்ளிருப்பது சூழலோடு சமமாகி 1200 வரை போகும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உட்பக்கம் நீர்த்தும் வெளிப்பக்கம் அடர்ந்தும் இருப்பது ஆய்வகத்தில் செயற்கையாக உண்டாக்கிய வினோத நிலை அல்ல. ஹென்லே வளைவுக்கு அப்பாலுள்ள தொலைநுண்குழலின் செல்களுக்கு அது அன்றாடம். அதற்கு மாறாக, சிறுநீரகத்தின் வெளிப்பகுதியான புறணியிலுள்ள அண்மைக் குழல் செல்கள் வாழ்நாள் முழுவதும் 290-ஐ விட்டு அதிகம் விலகுவதில்லை. அகணிச் செல்லுக்குப் பழகிய 600, புறணிச் செல்லுக்குப் பேரிடி.

செல் முதலில் தன் பருமனைக் காக்கும்

290-லிருந்து 500-க்கு ஒரே வீச்சில் மாற்றினால், செல்லுக்குள் இடம்பெயரக்கூடிய நீரில் சுமார் 42 சதவீதம் வெளியேற வேண்டியிருக்கும் (290 ÷ 500 = 0.58). இதற்குச் செல் தரும் பதில் கட்டம் கட்டமாக வருகிறது.

- நொடிகள் முதல் நிமிடங்கள்: செல் சுருங்குகிறது. உள்ளே அயனிச் செறிவு உயர்கிறது. சவ்வுக்கு அடியிலுள்ள ஆக்டின் என்ற புரத இழைகள் திரண்டு தடிக்கின்றன. ரோ-ஏ என்ற சிறு புரதம் விழித்து, அந்த இழைகளை மயோசின் புரதம் இழுக்கச் செய்கிறது.
- நிமிடங்கள் முதல் ஒரு மணி: சோடியம், பொட்டாசியம், குளோரைடு ஆகியவற்றை ஒன்றாக உள்ளே கொண்டுவரும் கடத்தியும், சோடியம்-ஹைட்ரஜன் பரிமாற்றியும் உப்பை உள்ளே ஏற்றி, நீரைத் திரும்பப் பிடிக்கின்றன. பருமன் மீளும். உள்ளே உப்பு மிகுதியாக இருப்பது நீடிக்கும். அது நொதிகளுக்கு நல்லதல்ல.
- மணிகள் முதல் நாட்கள்: என்ஃபாட்-5 என்ற மரபணுக் கட்டுப்பாட்டுப் புரதம் செல்கருவுக்குள் போய், உப்புக்குப் பதிலாகத் தீங்கற்ற கரைபொருட்களைச் சேர்க்கும் மரபணுக்களை முடுக்குகிறது. சார்பிட்டால், பீட்டெய்ன், மயோ-இனோசிட்டால், டாரின் ஆகியவை சேரும். கிளிசரோபாஸ்போகோலினும் திரளும், யூரியா புரதங்களுக்கு இழைக்கும் தீங்கை அது ஈடுகட்டும்.

நீர்த்த கரைசலில் நேரெதிர். செல் வீங்கும். எல்ஆர்ஆர்சி-8 புரதங்களால் ஆன வாயில்களும் பொட்டாசியம் வாயில்களும் திறந்து, சேர்த்துவைத்தவற்றை வெளியே கொட்டும். பெரும்பாலும் அரை மணிக்குள் பருமன் பழைய நிலையை நெருங்கிவிடும்.

சேர்ப்பதற்கு நாள் கணக்கு, கொட்டுவதற்கு நிமிடக் கணக்கு. இந்த ஏற்றத்தாழ்வைக் கவனிக்காததால் பல சோதனைகள் சறுக்குகின்றன. சுண்டெலியின் அகணிச் சேகரிப்பு நாளத்திலிருந்து வந்த ஐ.எம்.சி.டி.-3 செல்களையே எடுத்துக்கொள்ளுங்கள். சோடியம் குளோரைடைக் கொட்டி ஒரே தடவையில் 700-ஐத் தாண்டவைத்தால் கூட்டமாகச் செத்துவிழும். சிறுசிறு படிகளாக, இடைவெளி விட்டு ஏற்றினால் அதே செல்கள் அதைவிட அதிகச் செறிவிலும் பிழைக்கும். சாகும் செல்களின் சுவர் கசிவதைக் கண்டு, அடர் கரைசல் இறுக்க இணைப்பைத் திறக்கிறது என்று எழுதுவது, வீடு இடிந்ததைப் பார்த்துக் கதவு திறந்திருக்கிறது என்பதைப் போன்றது.

இணைப்பில் உண்மையில் நடப்பது

நீண்ட நேரம், இரு பக்கமும் அடர் கரைசல் என்ற நிலையை முதலில் பார்ப்போம். இங்கே சான்று ஓரளவு ஒரே திசையில் நிற்கிறது. ஐ.எம்.சி.டி.-3 செல்களில் அடர் சூழல் கிளாடின்-4-ஐக் கூட்டுகிறது. அதைப் பிடித்துவைக்கும் முப்-1 என்ற தாங்கு புரதமும் கூடுகிறது. முப்-1 உற்பத்தியை அடக்கினால் சுவரின் மின்தடை குறைகிறது. 2008-ல் வந்த முடிவு இது. இன்னொரு பக்கம், நாயின் சிறுநீரகத்திலிருந்து 1958-ல் எடுத்து இன்றுவரை வளர்க்கப்படும் எம்.டி.சி.கே. செல்களில் அடர் சூழல் கிளாடின்-2-ஐக் குறைக்கிறது. ஒன்றில் அடைப்பான் கூடுகிறது, மற்றதில் துளை குறைகிறது. இரண்டின் பலனும் இறுக்கம். அகணியில் வாழும் செல்லுக்கு இதுதான் தேவையும்கூட. கஷ்டப்பட்டுக் கட்டிய செறிவு வேறுபாடு இடுக்கு வழியே கரைந்துபோகக் கூடாதல்லவா.

குறுகிய நேரம், ஒரு பக்கம் மட்டும் மாற்றம் என்றால் கதை வேறு. இங்குதான் பக்கத்தின் முக்கியத்துவம் தெரியும். பழைய இரு பரிசோதனைகளை அருகருகே வையுங்கள்.

1. தேரையின் சிறுநீர்ப்பை. இறுக்கமான சுவர்; சேகரிப்பு நாளத்துக்கு மாதிரியாக நெடுங்காலம் பயன்பட்டது. உட்பக்கத்தில் யூரியா போன்றவற்றால் அடர் கரைசல் வைத்தால் இறுக்க இணைப்புக்குள்ளேயே கொப்புளங்கள் தோன்றுகின்றன, மின்தடை இறங்குகிறது. கரைசலைப் பழையபடி மாற்றினால் மீள்கிறது. 1970-களின் தொடக்கத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இது பதிவானது. உட்பக்கத்திலிருந்து கரைபொருள் இணைப்பின் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து, அங்கே நீரை இழுத்து உப்பவைக்கிறது என்பது விளக்கம். அதே அடர் கரைசலை வெளிப்பக்கம் வைத்தால் இப்படி ஆவதில்லை.

2. முயலின் பித்தப்பை. கசிவுள்ள சுவர். உட்பக்கத்தில் அடர் கரைசல் வைத்தால் நீர் வெளியிலிருந்து உள்நோக்கிப் பாய்கிறது. இறுக்க இணைப்புக்குக் கீழே, செல்களுக்கு இடையிலுள்ள பக்கவாட்டு இடைவெளி சப்பிப்போகிறது. மின்தடை ஏறுகிறது.

ஒரே பக்கம், ஒரே வகைக் கரைசல், எதிரெதிர் முடிவு. காரணம் எளிது. செல்லிடை வழியில் இரண்டு தடைகள் வரிசையாக நிற்கின்றன: வாயிலில் இறுக்க இணைப்பு, அதற்குக் கீழே நீண்ட சந்து. இறுக்கமான சுவரில் மொத்தத் தடையும் ஏறக்குறைய வாயிலிலேயே இருப்பதால், வாயில் தளர்ந்தால் அளவு இறங்கும். கசிவுள்ள சுவரில் வாயிலின் தடை சிறிது. சந்து குறுகினாலே அளவு ஏறிவிடும், கிளாடினில் ஒரு மாற்றமும் இல்லாமலே.

இனி 2016-ல் வெளியான எம்.டி.சி.கே.-2 செல் ஆய்வுக்கு வரலாம். இந்தச் செல்வகை கிளாடின்-2 நிறைந்தது, நேர்மின் அயனிகளைத் தேர்ந்து விடுவது. உட்பக்கத்தை மட்டும் நீர்த்ததாக்கியபோது, நேர்மின் அயனித் தேர்வு நேரம் போகப்போகக் குறைந்தது. இரு பக்கச் செறிவையும் சமமாக்கிய உடனே அது மீண்டது. செல்கள் தொடும் இடங்களில் சவ்வு குமிழ்களாகப் பிதுங்கியது. முன்பு கோணல்மாணலாக இருந்த தொடுகோடு சற்று நேரானது. கிளாடின்-2 நீக்கப்பட்ட செல்களில் இவை எதுவும் நடக்கவில்லை.

கிளாடின்-2 நீக்கிய செல்களோடு செய்த அந்தக் கடைசி ஒப்பீடு இல்லாமல் போயிருந்தால் இந்த ஆய்வு வெறும் வடிவ மாற்றப் பதிவாக நின்றிருக்கும். கிளாடின்-2 அயனிகளை மட்டுமின்றி நீரையும் கடத்துகிறது. செறிவு வேறுபாடு அந்தத் துளை வழியே நீரைத் தள்ளும்போது துளையின் தேர்வுத்திறன் மாறுகிறது என்று படிப்பது பொருத்தமாக இருக்கிறது. மீட்சி உடனடியாக வந்ததைக் கவனியுங்கள். புரதத்தை அழித்துப் புதிதாக உண்டாக்கியிருந்தால் மணிக்கணக்காகும். இருந்த துளைகளின் நிலையே மாறித் திரும்பியிருக்கிறது.

சோதனையில் அளப்பது எப்படி, எங்கே பிசகும்

இத்தகைய முடிவுகளை எடைபோட அளவீட்டின் உள்விவரம் வேண்டும். துளையுள்ள சவ்வுத் தட்டில் (12 மி.மீ. விட்டம், 1.12 சதுர செ.மீ., 0.4 மைக்ரோமீட்டர் துளை) செல்களை நெருக்கமாக விதைத்து, எம்.டி.சி.கே.-2 என்றால் 4 முதல் 7 நாள் வளர்ப்பது வழக்கம். மேலே (குழலின் உட்பக்கத்துக்கு ஈடு) 0.5 மி.லி., கீழே (வெளிப்பக்கத்துக்கு ஈடு) 1.5 மி.லி. ஊடகம், அதாவது செல் வளர்க்கும் திரவம். விதைத்த முதல் ஓரிரு நாளில் மின்தடை ஓர் உச்சத்துக்குப் போய்விட்டுத்தான் நிலைக்கு வரும். அந்த உச்சத்தில் சோதனையைத் தொடங்கினால், தானாக இறங்கும் அளவைக் கரைசலின் விளைவு என்று எண்ண நேரும்.

1. மின்தடைக் கணக்கு. செல்லுள்ள தட்டு 210 ஓம், செல்லில்லாத வெற்றுத் தட்டு 130 ஓம் என்று வைப்போம். (210 − 130) × 1.12 = 89.6 ஓம்-சதுர செ.மீ. வெற்றுத் தட்டைக் கழிக்காவிட்டால் கணக்கே இல்லை. பரப்பால் வகுத்துவிடுவது இன்னொரு பொதுப் பிழை, பெருக்க வேண்டும்.

2. நீர்த்த கரைசலை எப்படித் தயாரிப்பது. ஊடகத்தில் தண்ணீர் சேர்த்து நீர்த்ததாக்கினால் ஆஸ்மோலாலிட்டியோடு அயனிகளும் குறையும். இரண்டில் எது விளைவைத் தந்தது என்று பிரிக்க முடியாது. சரியான வழி: சோடியம் குளோரைடை 140-லிருந்து 85 மில்லிமோலாராகக் குறைத்த ஓர் அடிப்படைக் கரைசல் செய்யுங்கள். அதில் 100 மில்லிமோலார் மானிட்டால் (லிட்டருக்கு 18.2 கிராம்) சேர்த்தால் சமச்செறிவு, சுமார் 290. சேர்க்காமல் விட்டால் சுமார் 190. இரண்டிலும் உப்பு ஒன்றே. ஒப்பீடு இந்த இரண்டுக்கும் இடையே இருக்க வேண்டும். சாதாரண ஊடகத்தோடு ஒப்பிடக் கூடாது.

3. இதை மீறினால் எவ்வளவு பிசகும் என்று பாருங்கள். உப்பு இந்த அளவு குறைந்தால் கரைசலின் கடத்துதிறனும் குறைந்து, வெற்றுத் தட்டே 130-லிருந்து 200 ஓமை நெருங்கும். பழைய 130-ஐக் கழித்தால் 70 ஓம் பொய்யாகச் சேர்ந்து, 78 ஓம்-சதுர செ.மீ. கூடியதாகத் தெரியும். மேலே கணக்கிட்ட சுவரின் முழு மின்தடையே 89.6 தான். தடுப்பு இரட்டிப்பானது என்று அறிவிக்க இதுவே போதும், செல்களில் ஒன்றுமே நடந்திருக்காது.

4. அடர் கரைசல். 290-லிருந்து 500-க்குப் போக மூன்று வழி: சோடியம் குளோரைடு சுமார் 110 மில்லிமோலார் கூட்டுவது (இரு அயனியாகப் பிரிந்தாலும் முழு இரட்டிப்பாகாது, 0.93 மடங்கு என்று கொள்க), மானிட்டால் 210 மில்லிமோலார் (லிட்டருக்கு 38.3 கிராம்), யூரியா 210 மில்லிமோலார் (லிட்டருக்கு 12.6 கிராம்). மூன்றையும் தனித்தனிக் குழுவாக வைத்தால் விளைவு உப்பாலா, சுருக்கத்தாலா, வெறும் துகள் எண்ணிக்கையாலா என்று தெரிந்துவிடும். குளுக்கோஸ் இதற்கு ஏற்றதல்ல. செல் அதை உண்டுவிடும்.

5. கலந்த பிறகு அளந்தே ஆக வேண்டும். உறைநிலை ஆஸ்மோமீட்டர் நம்பகமானது. ஒரு ஆஸ்மோலுக்கு உறைநிலை 1.86 டிகிரி இறங்கும் என்ற அடிப்படையில் அது இயங்குகிறது. தாளில் போட்ட கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். சோதனை முடிவிலும் இரு பக்கத்திலிருந்தும் எடுத்து அளக்க வேண்டும். மேலே இருக்கும் 0.5 மி.லி.-யில் பத்தில் ஒரு பங்கு ஆவியானாலே 290 என்பது 322 ஆகிவிடும். செல்கள் நீரைக் கடத்துவதாலும் வேறுபாடு தானாகத் தேய்ந்துகொண்டே வரும். 24 மணி நேரம் 100 மில்லி ஆஸ்மோல் வேறுபாட்டில் வைத்தோம் என்று எழுதியிருந்தால், முடிவில் எவ்வளவு மிஞ்சியது என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

6. வெப்பநிலை. அடைகாப்பியிலிருந்து தட்டை எடுத்ததும் குளிர ஆரம்பிக்கும். ஒரு டிகிரி குறைந்தால் கரைசலின் தடை ஏறத்தாழ 2 சதவீதம் ஏறும். 37 டிகிரியிலேயே வைத்து அளக்கவும். இல்லையேல் எல்லாத் தட்டுகளும் அறைவெப்பத்துக்கு வரும்வரை 20 நிமிடம் பொறுக்கவும்.

7. மின்தடை ஒன்றே போதாது. அது மொத்த அயனி ஓட்டத்தைச் சொல்லும், எந்த அயனி என்று சொல்லாது. அதற்கு, ஒரு பக்கத்தில் சோடியம் குளோரைடைப் பாதியாக்கி, குறைந்ததை மானிட்டாலால் நிரப்பி, சுவரின் குறுக்கே எழும் மின்னழுத்தத்தைப் பார்க்க வேண்டும். சோடியத்தை மட்டுமே விடும் சுவரானால் 37 டிகிரியில் சுமார் 18.5 மில்லிவோல்ட் வரும். இரண்டையும் நீரில் ஓடும் வேகத்திலேயே விட்டால், குளோரைடு முந்துவதால், சிறிய எதிர்க்குறி மதிப்பு வரும். 2016 ஆய்வில் பேசப்படும் தேர்வுத்திறன் இந்த வகை அளவீட்டில்தான் வெளிப்படும். வெறும் மின்தடையை வைத்திருந்தால் நழுவிப்போயிருக்கக் கூடும்.

8. பெரிய மூலக்கூறுகளுக்கு 4 கிலோடால்டன் ஒளிர் டெக்ஸ்ட்ரான். மேலே ஒரு மி.லி.-க்கு 1 மி.கி. வைத்து, கீழிருந்து மணிக்கொரு முறை 100 மைக்ரோலிட்டர் எடுப்பார்கள். நீரோட்டம் உள்ள சோதனையில் இங்கே ஒரு பொறி உண்டு. நீர் மேலிருந்து கீழே பாய்ந்தால் மேலே சாயம் அடரும், கீழே நீர்க்கும். செறிவை மட்டும் பார்த்தால் தவறு. கனஅளவையும் அளந்து மொத்தச் சாயத்தைக் கணக்கிட வேண்டும்.

அளவெடுக்கும் நேரம்: 0, 5, 15, 30, 60 நிமிடம், பிறகு 6, 24, 48, 72 மணி. கடைசியில் கட்டாயம் வேண்டியது மீட்புச் சோதனை. பழைய கரைசலுக்குத் திருப்புங்கள். சில நிமிடங்களில் அளவு திரும்பினால் நடந்தது வடிவ மாற்றமோ துளையின் நிலை மாற்றமோ. ஒரு நாள் எடுத்தால் கிளாடின்களின் கலவை மாறியிருக்கிறது. திரும்பவே இல்லையென்றால் செல்கள் இறந்திருக்கின்றன. ஊடகத்தில், செல்லுக்குள் இருக்க வேண்டிய லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் நொதி கசிந்திருக்கிறதா என்று பார்த்தால் உறுதியாகும்.

செல்லின் தேர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. எம்.டி.சி.கே.-1, எம்.டி.சி.கே.-2 இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்த கிளைகள். முதலாவதன் மின்தடை ஆயிரக்கணக்கில், இரண்டாவதன் மின்தடை பெரும்பாலும் நூறை ஒட்டி. முதலாவதில் கிளாடின்-2 இல்லை. அதைச் செயற்கையாகச் சேர்த்தால் தடை சரிந்துவிடும். கட்டுரையில் எம்.டி.சி.கே. என்று மட்டும் போட்டு எண்ணை விட்டிருந்தால் அந்த முடிவை எங்கே பொருத்துவது என்றே தெரியாது.

தட்டிலிருந்து உடலுக்கு

உப்பு அதிகம் சாப்பிட்டால் சிறுநீரகச் சுவர் கசியும் என்று இந்த ஆய்வுகளிலிருந்து முடிவெடுக்க வழியில்லை. பிளாஸ்மா ஆஸ்மோலாலிட்டி 1 முதல் 2 சதவீதம் ஏறினாலே வாசோபிரெசின் சுரந்து, தாகமும் எடுத்துவிடுகிறது. புறணிச் செல்கள் காணும் மாற்றம் சில மில்லி ஆஸ்மோல் மட்டுமே, தட்டில் கொடுக்கப்படும் 200 அல்ல. உப்பின் தீங்குகள் உண்மைதான். அவை வரும் பாதை வேறு.

மருத்துவமனையில் செறிவு நேரடியாகத் தொல்லை தரும் இடம் அண்மைக் குழல். மானிட்டால், சுக்ரோஸ் கலந்த இம்யூனோகுளோபுலின், ஹைட்ராக்சிஎத்தில் ஸ்டார்ச் போன்றவை நரம்பு வழியே மிகுதியாக ஏறும்போது, செல்கள் அவற்றை விழுங்கிச் செரிக்க முடியாமல் குமிழிகளாகச் சேர்த்து உப்பிப்போகும். ஆஸ்மாட்டிக் நெஃப்ரோசிஸ் என்று பெயர். இங்கே பழுது தொடங்குவது செல்லின் உள்ளே. இறுக்க இணைப்பு முதல் குற்றவாளி அல்ல.

இணைப்பே உடைவது இரத்த ஓட்டம் தடைப்பட்டு நுண்குழல் செல்கள் நசியும்போது. அப்போது வடிகட்டப்பட்ட கிரியேட்டினினும் யூரியாவும் இடுக்கு வழியே இரத்தத்துக்குத் திரும்புகின்றன. வடிகட்டி ஓரளவு வேலை செய்தாலும் இரத்தத்தில் கழிவு ஏறுவதற்கு இந்தப் பின்கசிவும் ஒரு காரணம்.

அகணியின் நிலை இதற்கு நேர்மாறு. நெடுநாள் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பவரிடமும், ஹென்லே வளைவில் வேலைசெய்யும் நீர்ப்போக்கு மருந்து எடுப்பவரிடமும் அகணியின் செறிவு கரைந்துபோகும். செல்கள் தாங்கள் சேர்த்த சார்பிட்டாலையும் பீட்டெய்னையும் கொட்டிவிடும். காரணத்தை நிறுத்திய மறுநாளே அடர்ந்த சிறுநீரை எதிர்பார்த்தால் கிடைக்காது. இடைத்திசுவில் உப்பும் யூரியாவும் மீண்டும் குவிய வேண்டும், செல்களுக்குள் காப்புக் கரைபொருட்கள் திரள வேண்டும். இரண்டுக்கும் நாட்கள் பிடிக்கும்.